கிளாட் தேர்வுக்குச் சட்டப் புத்தகம் வேண்டாம், வாசிப்பு வேண்டும்

கேள்வி: அரசுப் பள்ளியில் 11ஆம் வகுப்பு, வணிகவியல் பிரிவு, தமிழ்வழியில் படிக்கிறேன். சட்டம் படிக்க ஆசை. குடும்பத்தில் வக்கீல் யாரும் இல்லை. தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான கிளாட் நுழைவுத் தேர்வை எழுதச் சொல்கிறார் எங்கள் ஆசிரியர். எங்கிருந்து ஆரம்பிப்பது? இப்போதே ஐ.பி.சி. (இந்திய தண்டனைச் சட்டம்) புத்தகம் வாங்கி மனப்பாடம் செய்யத் தொடங்கலாமா? கோச்சிங் போகாமல் முடியுமா?

பதில்:

ஐ.பி.சி. புத்தகத்தை வாங்க வேண்டாம். முதல் காரணம், அந்தச் சட்டமே இப்போது நடைமுறையில் இல்லை. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. இரண்டாவது காரணம்தான் முக்கியம். கிளாட்டில் 'இந்தக் குற்றத்துக்கு எந்தப் பிரிவு' என்ற மாதிரிக் கேள்விகள் வருவதில்லை. பிரிவு எண்களை மனப்பாடம் செய்ய நீங்கள் செலவழிக்கும் ஒவ்வொரு மணி நேரமும், வேறொன்றுக்குச் செலவழித்திருக்க வேண்டிய நேரம். அந்த வேறொன்று வாசிப்பு. கிளாட் பெயரளவில் சட்டத் தேர்வு. உள்ளே போய்ப் பார்த்தால் அது முழுக்க முழுக்க வாசிப்புத் தேர்வு.

தேர்வின் அமைப்பைப் பார்த்தாலே இது புரியும். 2008இல் கிளாட் தொடங்கியது. அதற்கு முன்பு ஒவ்வொரு தேசிய சட்டப் பல்கலைக்கழகமும் தனித்தனியாக நுழைவுத் தேர்வு வைத்தது. மாணவர்கள் ஊர் ஊராக அலைந்தார்கள். 2017இல் அமைந்த தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு, அதாவது எல்லோரும் கன்சார்ட்டியம் என்று சொல்வது, இப்போது இதை நடத்துகிறது. 2020இல் கேள்வித்தாள் தலைகீழாக மாறியது. அதுவரை ஒருவரிக் கேள்விகளாக வந்தவை எல்லாம், பத்தியைக் கொடுத்து அதன்மேல் கேட்கும் கேள்விகளாக ஆயின. அதனால் 2020க்கு முந்தைய புத்தகங்கள் யாராவது கொடுத்தால் வாங்கி வைக்காதீர்கள். அது வேறு தேர்வுக்கான புத்தகம்.

இப்போதைய அமைப்பில் 120 கேள்விகள், 120 நிமிடங்கள். சரியான விடைக்கு ஒரு மதிப்பெண், தவறான விடைக்கு 0.25 கழிவு. ஆங்கிலம் 22 முதல் 26 கேள்விகள். நடப்பு நிகழ்வுகளும் பொது அறிவும் 28 முதல் 32. சட்டத் திறனறிதல் 28 முதல் 32. தர்க்கம் 22 முதல் 26. கணக்கு 10 முதல் 14. தேர்வு ஆங்கிலத்தில் மட்டும்தான். கணினி கிடையாது, தாளில் படித்து, ஓ.எம்.ஆர். தாளில் வட்டத்தை நிரப்ப வேண்டும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஒரு பத்தி ஏறக்குறைய 450 சொற்கள். ஒரு பத்திக்கு ஐந்தாறு கேள்விகள் என்று வைத்தால், கணக்குப் பகுதியை விட்டுவிட்டாலும் கிட்டத்தட்ட இருபது பத்திகள். அதாவது ஒன்பதாயிரம் சொற்கள். இதில் கேள்விகளும் விடைத் தெரிவுகளும் சேரவில்லை. நிமிடத்துக்கு 200 சொற்கள் வேகத்தில் படிப்பவருக்குப் பத்திகளை ஒரு தடவை படித்து முடிக்கவே முக்கால் மணி நேரம் போய்விடும். நிமிடத்துக்கு 120 சொற்கள் என்றால் ஒன்றேகால் மணி நேரம்; மீதி முக்கால் மணி நேரத்தில் 120 கேள்விகளுக்கும் யோசித்து விடை எழுத வேண்டும். எத்தனை சட்டக் கோட்பாடுகள் தெரிந்திருந்தாலும் இந்த இடத்தில் அவை கைகொடுக்காது. 11ஆம் வகுப்பிலேயே கேட்டீர்கள் என்பதில் எனக்கு மகிழ்ச்சி. ஏனென்றால் வாசிப்பு வேகம் கடைசி இரண்டு மாதத்தில் வராது. ஒரு வருடம் இருந்தால் கண்டிப்பாக வரும்.

தமிழ்வழி மாணவர்கள் இந்த இடத்தில்தான் பயந்து பின்வாங்குகிறார்கள். பயப்படத் தேவையில்லை, ஆனால் வேலை இருக்கிறது. நான் எல்லோருக்கும் சொல்லும் முறை இதுதான். காலையில் ஒரு தமிழ் நாளிதழின் தலையங்கத்தையோ நடுப்பக்கக் கட்டுரையையோ படியுங்கள். தினமணி, இந்து தமிழ் திசை எதுவானாலும் சரி. அதே விஷயத்தைப் பற்றி ஓர் ஆங்கில நாளிதழில் வந்திருக்கும் கட்டுரையை அடுத்து எடுங்கள். விஷயம் ஏற்கெனவே தெரிந்திருப்பதால் ஆங்கில வாக்கியங்கள் அவ்வளவாக மிரட்டாது. தெரியாத சொல் வந்தால் உடனே அகராதியைப் புரட்டாதீர்கள். பத்தி முழுவதையும் படித்து, அந்தச் சொல் என்னவாக இருக்கும் என்று ஊகித்துவிட்டு, கடைசியில் பாருங்கள். தேர்வில் அகராதி இருக்காது. ஊகித்துப் பொருள்கொள்ளும் பழக்கம்தான் இருக்கும்.

படித்து முடித்ததும் நோட்டை எடுத்து மூன்று வரி எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம். கட்டுரையாளர் என்ன சொல்கிறார்? அதற்கு என்ன காரணம் காட்டுகிறார்? யாருடைய கருத்தை மறுக்கிறார்? இந்த மூன்றையும் கட்டுரையைப் பார்க்காமல் எழுத முடிந்தால் நீங்கள் படித்திருக்கிறீர்கள். முடியாவிட்டால் கண்கள் மட்டும் வரிகளின் மேல் ஓடியிருக்கின்றன என்று அர்த்தம், திரும்பப் படியுங்கள். முதல் மாதம் ஒரு கட்டுரைக்கு அரை மணி நேரம் ஆகும். ஆகட்டும். கடிகாரத்தை மூன்றாவது மாதத்துக்குப் பிறகு பக்கத்தில் வைத்தால் போதும். ஆங்கிலப் பகுதிக்கென்று தனியாக இலக்கணப் புத்தகம், சொற்பட்டியல் என்று எதுவும் வாங்க வேண்டாம். அந்தப் பகுதியின் கேள்விகள் எல்லாம் பத்தியின் மையக் கருத்து, ஆசிரியரின் தொனி, ஒரு சொல் அந்த இடத்தில் தரும் பொருள், பத்தியிலிருந்து எதை ஊகிக்கலாம் என்பவற்றைச் சுற்றியே வரும்.

அடுத்து, சட்டத் திறனறிதல். இதைப் பற்றித்தான் புதியவர்களுக்கு அதிகக் குழப்பம். ஒரு மாதிரியை எடுத்து நிதானமாகப் பார்ப்போம்.

பத்தியில் இப்படி ஒரு விதி வருகிறது என்று வையுங்கள்: ஒருவர் தன் நிலத்தில் ஆபத்தான பொருளைக் கொண்டுவந்து சேமித்து வைத்து, அது வெளியேறி அடுத்தவருக்குச் சேதம் விளைவித்தால், அவரிடம் கவனக்குறைவு இல்லாவிட்டாலும் அவரே பொறுப்பு. ஆனால் இயற்கைச் சீற்றத்தாலோ, தன் கட்டுப்பாட்டில் இல்லாத அந்நியர் ஒருவரின் செயலாலோ அது வெளியேறியிருந்தால் அவர் பொறுப்பாக மாட்டார்.

கேள்வியில் வரும் சம்பவம்: ஒரு தொழிற்சாலையில் அமிலத் தொட்டி இருக்கிறது. இரவில் சுவரேறிக் குதித்த யாரோ ஒருவன் வால்வைத் திறந்துவிட்டு ஓடிவிட்டான். அமிலம் பக்கத்து வயலில் பாய்ந்து பயிர் கருகியது. விவசாயி இழப்பீடு கேட்கிறார். தொழிற்சாலை பொறுப்பா?

விடைத் தெரிவுகள் நான்கு. ஒன்று, அமிலம் ஆபத்தான பொருள், அதனால் பொறுப்பு. இரண்டு, காவலாளி சரியில்லாததால் பொறுப்பு. மூன்று, அந்நியர் செயல் என்பதால் பொறுப்பில்லை. நான்கு, எம்.சி.மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன முழுப் பொறுப்புக் கோட்பாட்டின்படி விதிவிலக்கே கிடையாது, அதனால் பொறுப்பு.

முதல் தெரிவு விதியின் முன்பாதியை மட்டும் படித்தவருக்காக வைத்த வலை. 'ஆனால்' என்ற சொல்லுக்குப் பின்னால் வருவதை அது கண்டுகொள்ளவில்லை. இரண்டாவது, கதையை நாமே எழுதிக்கொள்கிறவருக்காக வைத்தது. காவலாளியைப் பற்றிச் சம்பவத்தில் ஒரு சொல்கூட இல்லை. நான்காவதுதான் கொஞ்சம் சட்டம் தெரிந்தவர்களைக் கவிழ்ப்பது. 1985 டிசம்பரில் டெல்லி ஸ்ரீராம் ஆலையிலிருந்து ஓலியம் வாயு கசிந்தது. அது பற்றிய எம்.சி.மேத்தா வழக்கில் ஓராண்டு கழித்து, 1986 டிசம்பரில், ஆபத்தான தொழில் நடத்தும் நிறுவனத்துக்கு விதிவிலக்கு எதுவும் கிடையாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். நீதிமன்றத்தில் நீங்கள் அதை வாதிடலாம், வாதிட வேண்டும். ஆனால் கொடுக்கப்பட்ட பத்தி விதிவிலக்கு உண்டு என்கிறது. இந்தப் பகுதியில் பத்தி சொல்வதுதான் சட்டம். விடை, மூன்றாவது.

அடுத்த கேள்வியில் சம்பவத்தைக் கொஞ்சம் மாற்றுவார்கள். வால்வைத் திறந்தது சுவரேறிக் குதித்தவன் இல்லை, பணி நேரத்தில் இருந்த தொழிலாளி. இப்போது அவர் அந்நியரா? தொழிற்சாலையின் கட்டுப்பாட்டில் இருப்பவர் ஆயிற்றே. விதிவிலக்கு பொருந்தாது, தொழிற்சாலை பொறுப்பாகும். ஒரே விதி, ஒரே சேதம், ஒரே ஒரு விவரம் மாறியதும் விடை தலைகீழாகிவிட்டது. சட்டத்தின் அழகு இங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். இந்தத் திருப்பம் உங்களுக்குப் பிடித்திருந்தால் ஐந்து வருடப் படிப்பும் பிடிக்கும்.

ஆகவே பயிற்சியின்போது ஒவ்வொரு விதியையும் துண்டு துண்டாக உடைத்துப் பாருங்கள். மேலே சொன்ன விதியில் நான்கு நிபந்தனைகள் இருக்கின்றன: ஆபத்தான பொருள், தன் நிலத்தில் கொண்டுவந்து வைத்தது, வெளியேறியது, சேதம். அப்புறம் இரண்டு விதிவிலக்குகள். சம்பவத்தை இந்த ஆறோடும் ஒத்துப்பாருங்கள். விவசாயி பாவம் என்று மனம் ஒரு பக்கம் இழுக்கும். இரக்கம் நல்லதுதான், ஆனால் விடையைத் தேர்ந்தெடுக்கும் வேலையை அதனிடம் ஒப்படைக்க வேண்டாம். சட்டச் சொற்கள் ஓரளவு பழக்கமாகியிருந்தால் வேகம் கூடும் என்பது உண்மை. அடிப்படை உரிமைகள், ரிட் மனு போன்றவை என்னவென்று தெரிந்துகொள்ள அரசியல் அறிவியல் பாடநூல்களே போதும். தமிழ்நாட்டுப் பாடநூல்களும், மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. பாடநூல்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

தர்க்கப் பகுதியும் இதே மாதிரிதான். வட்டமேசையைச் சுற்றி எட்டுப் பேரை உட்காரவைக்கும் புதிர்களை எதிர்பார்த்துப் பயிற்சி செய்பவர்கள் உண்டு. இப்போதைய கிளாட்டில் பெரும்பாலும் வாதத்தை எடைபோடும் கேள்விகள்தான் வருகின்றன. 'பள்ளியில் செல்போனைத் தடை செய்தபின் தேர்ச்சி விகிதம் உயர்ந்தது. ஆகவே தடைதான் காரணம்' என்று பத்தி சொன்னால், அதை எது பலவீனப்படுத்தும்? அதே ஆண்டில் காலியாக இருந்த ஆசிரியர் பணியிடங்கள் நிரப்பப்பட்டன என்ற தகவல். எது பலப்படுத்தும்? தடை இல்லாத அக்கம்பக்கத்துப் பள்ளிகளில் தேர்ச்சி அப்படியே இருந்தது என்ற தகவல். பத்தியை எழுதியவர் வெளிப்படையாகச் சொல்லாமல் எதை ஏற்றுக்கொண்டிருக்கிறார்? வேறெதுவும் மாறவில்லை என்பதை. தினமும் படிக்கும் தலையங்கத்திடமே இந்த மூன்று கேள்விகளையும் கேளுங்கள். தனிப் பயிற்சி அதிகம் தேவைப்படாது.

நடப்பு நிகழ்வுகள் மட்டும் இந்த வழியிலிருந்து விலகி நிற்கும் பகுதி. பத்தி கொடுப்பார்கள், ஆனால் பெரும்பாலான விடைகள் பத்திக்குள் இருக்காது. அந்தச் செய்தியையொட்டிப் பத்திக்கு வெளியே உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்பார்கள். அதனால் இங்கே ஆழமாகத் தெரிந்துகொள்வதுதான் பலன் தரும். 'இன்றைய 50 செய்தித் துளிகள்' போன்ற பட்டியல்கள் எனக்கு உடன்பாடில்லாதவை. ஒரு செய்தியை எப்படிக் குறிப்பெடுப்பது என்று காட்டுகிறேன். தேர்தல் பத்திரத் தீர்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நோட்டில் ஒரு பக்கம் முழுவதையும் அதற்கு ஒதுக்குங்கள். 2024 பிப்ரவரி 15, ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, தலைமை நீதிபதி டி.ஒய்.சந்திரசூட், ஒருமித்த முடிவு. ரத்தானது என்ன? அரசியல் கட்சிகளுக்கு நன்கொடை தருவதற்காக 2018இல் நடைமுறைக்கு வந்த தேர்தல் பத்திரத் திட்டம். ஏன்? நன்கொடையாளர் யார் என்பது மறைக்கப்படுவதால், அரசியல் சாசனத்தின் 19(1)(அ) பிரிவில் அடங்கிய, வாக்காளரின் தகவல் அறியும் உரிமை பறிபோகிறது. பத்திரங்களை விற்ற வங்கி எது? பாரத ஸ்டேட் வங்கி. வழக்குத் தொடுத்தவர்களில் ஒருவர்? ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் எனப்படும் ஏ.டி.ஆர். இப்படி எழுதி முடிக்கும்போது ஒரே செய்தியிலிருந்து ஏழெட்டுக் கேள்விகளுக்கு விடை கையில் இருக்கும். அரசியல் சாசன அமர்வு என்றால் குறைந்தது ஐந்து நீதிபதிகள் என்பதும் போகிற போக்கில் மனத்தில் பதிந்துவிடும்.

தேர்வுக்கு முந்தைய ஓராண்டுச் செய்திகளுக்கு முதலிடம் கொடுங்கள். முக்கியத் தீர்ப்புகள், புதிய சட்டங்கள், அரசியல் சாசனத் திருத்தங்கள், சர்வதேச ஒப்பந்தங்கள், உச்சி மாநாடுகள், பெரிய விருதுகள். வாரத்துக்கு ஐந்தாறு செய்திகளை இப்படி முழுப் பக்கமாக எழுதினால் போதும். ஞாயிற்றுக்கிழமை பழைய பக்கங்களைப் புரட்டுங்கள். அச்சிட்ட மாத இதழ் வாங்குவதைத் தவறென்று சொல்லவில்லை. உங்கள் கையெழுத்தில் உள்ள பக்கத்துக்கு ஈடாகாது என்றுதான் சொல்கிறேன்.

கணக்குப் பகுதி பத்தாம் வகுப்புத் தரம்தான். சதவீதம், விகிதம், சராசரி, லாப நட்டம், வேலையும் நேரமும், அளவியல். அட்டவணையோ சிறு பத்தியோ கொடுத்து அதிலிருந்து கேட்பார்கள். வணிகவியல் மாணவியான உங்களுக்கு இது சிரமமாக இருக்காது. பத்துப் பன்னிரண்டு மதிப்பெண்தானே என்று மொத்தமாக ஒதுக்கிவிடும் பிள்ளைகள் நிறைய, அப்படிச் செய்யாதீர்கள். ஒரு மதிப்பெண் குறைந்தால்கூடத் தரவரிசையில் பல இடங்கள் கீழே போகும் தேர்வு இது. வாரத்தில் மூன்று நாள் அரை மணி நேரம் போதும்.

மாதிரித் தேர்வுகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தயாரிப்பின் பின்பாதி முழுவதும் இதில்தான் இருக்கிறது. கன்சார்ட்டியத்தின் இணையதளத்தில் முந்தைய ஆண்டுகளின் கேள்வித்தாள்களும் மாதிரித் தாள்களும் இலவசமாக இருக்கின்றன. 2020 முதல் 2023 வரை 150 கேள்விகள் இருந்தன, 2024 முதல் 120 என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த அசல் தாள்களைத் தொடக்கத்திலேயே தீர்த்துவிடாதீர்கள். அவை விலைமதிப்பற்றவை. முதலில் ஒரே ஒரு தாளை மட்டும், நேரம் பார்க்காமல், தேர்வு எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எடுத்துப் பாருங்கள். மற்றவற்றை நன்றாகப் பயிற்சி எடுத்தபின் கடிகாரம் வைத்து எழுதுங்கள். தேர்வு வழக்கமாகப் பிற்பகல் இரண்டு முதல் நான்கு மணி வரை நடக்கிறது. நீங்களும் சாப்பிட்டுவிட்டு அதே நேரத்தில் உட்காருங்கள். கண் சொக்கும் நேரம் அது. உடம்பைப் பழக்கத்தான் வேண்டும்.

எழுதிய தேர்வை அலசுவதற்கு, எழுதிய நேரத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாதவர்கள் முப்பது மாதிரித் தேர்வு எழுதினாலும் அதே மதிப்பெண்ணில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் எதிரில் காரணத்தை எழுதுங்கள். பத்தியைத் தவறாகப் படித்தேனா? கேள்வியில் 'அல்லாதது' என்று இருந்ததைக் கவனிக்கவில்லையா? பத்தியில் இல்லாத என் சொந்த அறிவைப் புகுத்தினேனா? இரண்டு தெரிவுகளில் வந்து நின்று தவறானதை எடுத்தேனா? நேரம் போதாமல் குத்துமதிப்பாகப் போட்டேனா? நான்கைந்து தேர்வுகள் முடிந்ததும் அந்த நோட்டைப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே காரணம் திரும்பத் திரும்ப வந்திருக்கும். அதைச் சரிசெய்தாலே மதிப்பெண் ஏறும். சரியாகப் போட்ட விடைகளிலும், குருட்டாம்போக்கில் சரியானவற்றைத் தனியாகக் குறித்துவையுங்கள். அவையும் தெரியாத கேள்விகள்தான்.

கழிவு மதிப்பெண்ணைக் கண்டு நடுங்கி, சந்தேகம் வந்தாலே விட்டுவிடுவது இன்னொரு பழக்கம். கணக்கு என்ன சொல்கிறது என்று பாருங்கள். நான்கு தெரிவுகளில் இரண்டை உறுதியாகத் தள்ளிவிட்டீர்கள். மீதி இரண்டில் ஒன்றைப் போடுகிறீர்கள். இப்படிப் பத்துக் கேள்விகளுக்குச் செய்தால் சராசரியாக ஐந்து சரி, ஐந்து தவறு. ஐந்து மதிப்பெண் வந்து, ஒன்றேகால் போகும். கையில் நிற்பது மூன்றேமுக்கால். விட்டுவிட்டிருந்தால் பூஜ்யம். ஆகவே இரண்டைத் தள்ள முடிந்தால் தயங்காமல் விடை போடுங்கள். நான்கில் எதையுமே தள்ள முடியாத கேள்வியில் லாபம் மிகச் சொற்பம். அதற்காக நேரம் செலவழிக்க வேண்டாம், நகருங்கள்.

ஓ.எம்.ஆர். தாளை வீட்டிலேயே நிரப்பிப் பழகுங்கள். இணையத்தில் வெற்றுத் தாள் கிடைக்கும், நகலெடுத்துக்கொள்ளலாம். பேனாவால் நிரப்புவதால் அழித்து எழுத வழியில்லை. எல்லாவற்றையும் கடைசியில் மொத்தமாக நிரப்பலாம் என்று வைத்திருப்பவர்கள் பதற்றத்தில் ஒரு வரிசை தள்ளிப் போட்டுவிட்டால், அங்கிருந்து வரும் அத்தனை விடையும் போச்சு. ஒரு பத்தி முடிந்ததும் அதன் விடைகளை நிரப்பிவிட்டு அடுத்ததற்குப் போவதுதான் எனக்குத் தெரிந்த பத்திரமான வழி.

கோச்சிங் கட்டாயமா என்றால், இல்லை. அது தருவது ஒரு கால அட்டவணை, மாதிரித் தேர்வுகள், கூடப் படிக்க நாலு பேர். மூன்றாவதுதான் உண்மையில் தேவை. உங்கள் வகுப்பிலோ பக்கத்துப் பள்ளியிலோ ஒரே ஒருவர் சேர்ந்து படிக்கக் கிடைத்தாலும் போதும். ஒருவர் பத்தியைப் படித்துச் சொல்ல, மற்றவர் மறுத்துப் பேசலாம். வசதியில்லாத பிள்ளைகளுக்காக ஐடியா என்ற அமைப்பு இருப்பதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். சட்டப் பேராசிரியர் ஷம்நாத் பஷீர் 2010இல் தொடங்கியது. பின்தங்கிய சூழலிலிருந்து வரும் மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, சட்ட நுழைவுத் தேர்வுகளுக்குப் பயிற்சி கொடுத்து, கல்லூரியில் சேர்ந்த பிறகும் துணைநிற்கிறார்கள். பஷீர் 2019இல் காலமானார், அமைப்பு தொடர்கிறது. உங்கள் ஆசிரியரிடம் அவர்களைத் தொடர்புகொள்ளச் சொல்லுங்கள். 11ஆம் வகுப்பில் இருப்பது இதற்குச் சரியான நேரம்.

பணத்தைப் பற்றியும் ஒளிவுமறைவில்லாமல் பேசிவிடலாம். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் ஆண்டுக் கட்டணம் லட்சங்களில் போகிறது. உதவித்தொகையும் கல்விக் கடனும் இருக்கின்றன, ஆனாலும் வீட்டில் உட்கார்ந்து இதைப் பேசிவிட்டு இறங்குங்கள். நம் ஊரிலேயே திருச்சி நவலூர் குட்டப்பட்டில் தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதற்கும் கிளாட் வழிதான். டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் கிளாட்டில் இல்லை; அது ஐலெட் என்ற தனித் தேர்வு வைக்கிறது. அதில் சட்டத் திறனறிதலுக்கென்று தனிப் பகுதி கிடையாது, தர்க்கத்துக்குத்தான் பெரும்பங்கு. கிளாட்டுக்குத் தயாரானவர்கள் கொஞ்சம் கூடுதல் பயிற்சியோடு அதையும் எழுதலாம்.

கிளாட் கிடைக்காவிட்டால் சட்டப் படிப்பே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப் பள்ளியிலும், மதுரை, கோவை, திருநெல்வேலி உள்ளிட்ட அரசு சட்டக் கல்லூரிகளிலும் ஐந்தாண்டுப் படிப்புக்கு நுழைவுத் தேர்வே இல்லை. 12ஆம் வகுப்பு மதிப்பெண்தான். கட்டணமும் தேசியப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பிட முடியாத அளவுக்குக் குறைவு. 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி 7.5 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடு சட்டப் படிப்புக்கும் உண்டு. உங்களுக்கு இது நேரடியாகப் பொருந்தக்கூடும். எந்தக் கல்லூரியில் படித்தாலும் பார் கவுன்சிலில் பதிவு செய்து, அகில இந்திய பார் தேர்வை எழுதித் தேறியவர்கள் எல்லோரும் 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டப்படி ஒரே உரிமையோடுதான் நீதிமன்றத்தில் நிற்கிறார்கள். ஆகவே 12ஆம் வகுப்புப் பாடங்களைக் கிளாட்டுக்காகப் பலி கொடுக்காதீர்கள். கிளாட்டுக்கே 12ஆம் வகுப்பில் பொதுப் பிரிவினருக்கு 45 விழுக்காடும், பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 40 விழுக்காடும் தேவை.

காலக் கணக்கை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். சமீப ஆண்டுகளில் கிளாட் டிசம்பரில் நடக்கிறது; அதாவது நீங்கள் 12ஆம் வகுப்பின் நடுவில் இருக்கும்போது. 11ஆம் வகுப்பு முடியும் வரை வாசிப்பும் செய்தி நோட்டும் மட்டும் போதும், தினமும் ஒன்றரை மணி நேரம். அந்தக் கோடை விடுமுறையில் சட்டத் திறனறிதலையும் தர்க்கத்தையும் பத்தி பத்தியாகத் தொடங்குங்கள். 12ஆம் வகுப்பு ஜூன் மாதத்திலிருந்து மாதம் இரண்டு மாதிரித் தேர்வு, அக்டோபர், நவம்பரில் வாரம் ஒன்று. டிசம்பரில் தேர்வு முடிந்த மறுநாளே பொதுத்தேர்வுப் புத்தகங்களை எடுத்துவிடுங்கள். மார்ச்சுக்கு இரண்டரை மாதங்கள் தாராளம்.

விண்ணப்பம் ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் திறக்கும், இணையத்தில் மட்டும்தான். கட்டணம் பொதுப் பிரிவினருக்கு 4,000 ரூபாயாகவும், பட்டியலினத்தவர், பழங்குடியினர் போன்றோருக்கு 3,500 ரூபாயாகவும் இருந்துவருகிறது. அந்த ஆண்டு அறிவிப்பில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் மூன்றையும் இந்தக் கோடையிலேயே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கிவிடுங்கள். பெயரும் பிறந்த தேதியும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருப்பது போலவே ஆதாரிலும் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். இனிஷியல் ஒன்றில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் இருந்தால், திருத்த வேண்டிய நேரம் இதுதான். கலந்தாய்வு தொடங்கியபின் அதற்கு அவகாசம் இருக்காது.